215 நிமிஷத்துல மூணு முடிவு: நாகர்கோவில் ஆர்.பி.ஜி. குழு ஒண்ணுல ஆட்டத்தோட ஓட்டம் கெட்டதும் சரியானதும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

நாகர்கோவில்ல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கூடி டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (மேசையச் சுத்தி உக்காந்து, ஆளுக்கு ஒரு கேரக்டரா கதைய பேசியே ஆடுற ஆட்டம்) ஆடுற ஒரு சின்ன குழுவுல, ஜூன்லருந்து அக்டோபர் வரைக்கும் நடந்தத இங்க எழுதுறேன். நாந்தான் அதுக்கு கேம் மாஸ்டர், அதாவது கதைய நடத்துறவன். ஆடுறவங்க அஞ்சு பேரும் எழுதச் சொல்லி சம்மதிச்சாங்க, பேரு மட்டும் வேண்டாம்னாங்க, அதனால தொழில வச்சே சொல்றேன். வங்கியில வேலை பாக்குற ஒரு அண்ணன், இவரு மார்த்தாண்டத்துலருந்து வருவாரு, ரூல் புக்கு முழுக்க மனப்பாடம். ஒரு ஸ்கூல் டீச்சர், நல்லா பேசுவாரு. குலசேகரம் பக்கத்துல ரப்பர் பால் வெட்டுற ஒருத்தர், விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்ட கட்டிகிட்டு தோட்டத்துக்குப் போற ஆளு, அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கண்ணு சொக்கிரும். குளச்சல்லருந்து வர்ற ஒரு காலேஜ் பொண்ணு, ஏழு மணிக்குள்ள பஸ்ஸு ஏறணும்னு வீட்டுல கண்டிஷன். அப்புறம் ஒரு நர்ஸ் அக்கா, ஷிப்ட மாத்திக் குடுத்துட்டுத்தான் வருவாங்க.

இந்த விவரமெல்லாம் எதுக்குன்னா, ஒரு செஷனோட, அதாவது ஒரு தடவை கூடி ஆடுறதோட, ஓட்டம்ங்கறது மேசைக்கு மேல மட்டும் இல்ல, வர்றவங்க எந்திரிச்ச நேரத்துலயும் போற பஸ்லயும் கூடி இருக்குன்னு எனக்கு ரொம்ப பிந்தித்தான் புரிஞ்சுது.

இந்த வகை விளையாட்டு 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல தொடங்குச்சு. நாங்க ஆடுறது 2014ல வந்த அஞ்சாம் எடிஷன். 2023 ஜனவரியில அதோட அடிப்படை ரூல்ஸ கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல விட்டாங்க. நான் பிரிண்டிங் பிரஸ் வச்சிருக்கதால, வேணும்ங்கற பக்கத்த மட்டும் அடிச்சு பைண்ட் பண்ணி ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கேன். கேம் மாஸ்டர் உலகத்தையும் மத்த ஆளுங்களையும் பேசுவாரு, ஆடுறவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர பேசுவாங்க, நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற எடத்துல இருபது முகம் உள்ள டைஸ உருட்டுவோம், இவ்வளவுதான் அடிப்படை.

கதை நடக்குறது கற்பனையான ஒரு கடற்கரை ராஜ்யம், ஆனா உள்ளுக்குள்ள நம்ம ஊருதான். 1741ல குளச்சல்ல மார்த்தாண்டவர்மா படை டச்சுக்காரன தோக்கடிச்சது, அதுல பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பொறவு அதே ராஜாவுக்கு படைய பயிற்சி குடுத்து உதயகிரி கோட்டையில பீரங்கி வார்க்க வச்சது, இதுகள மனசுல வச்சு நான் எழுதுனது. தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நாள் புலியூர்குறிச்சியில இறங்கி கோட்டைய சுத்திப் பாத்தோம், டிலனாய் கல்லறையில லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கத நின்னு வாசிச்சோம். எங்க கதையில ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்துகிட்டிருக்கு, அது நங்கூரம் போடுறதுக்குள்ள மலைக்கோட்டை வார்ப்படசாலையிலருந்து வெடிமருந்த வெளிய விக்குறவன் யாருன்னு கண்டுபிடிக்கணும். கேக்க நல்ல விறுவிறுப்பாத்தான் இருக்கு. ஆனா ஜூன்ல நடந்த மூணாவது செஷன்ல அந்த விறுவிறுப்பு எங்க போச்சுன்னே தெரியல.

ஜூன் செஷன்: நோட்டுல இருந்தது

பிரஸ்ல ஒவ்வொரு வேலைக்கும் எப்பம் எடுத்தோம் எப்பம் முடிச்சோம்னு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதையே செஷன் நோட்டு ஓரத்துலயும் செய்வேன். அந்த பழக்கம் இல்லன்னா இந்த ஆய்வே எழுதியிருக்க முடியாது. "அன்னைக்கு கொஞ்சம் இழுத்துருச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டு போயிருப்பேன்.

ரெண்டரைக்கு வரச் சொன்னது, மழை, எல்லாரும் வந்து உக்காந்து தொடங்கினப்ப 3.05. முதல் 25 நிமிஷம் போன தடவை என்ன நடந்துதுன்னு நானே சொன்னேன். 3.30லருந்து 4.35 வரை சந்தை, அதாவது 65 நிமிஷம். டீச்சரோட மந்திரவாதி கயிறு, எண்ணெய், ஒரு பழைய தொலைநோக்கி வாங்க பேரம் பேசுனாரு, நானும் கடைக்காரனா ஆசையா பேசிகிட்டே இருந்தேன், உண்மையிலயே நல்லா இருந்துச்சு, ஆனா எங்க ரெண்டு பேருக்குத்தான் நல்லா இருந்துச்சு. மத்த நாலு பேரும் போன எடுத்துட்டாங்க. 4.35லருந்து 5.10 வரை கோட்டைக்கு வெளிய. உள்ள போக நான் ஒரே ஒரு வழிதான் யோசிச்சு வச்சிருந்தேன், மதில் அடியில ஒரு மடை, அத கண்டுபிடிக்க டைஸ் போட்டா எல்லாருக்கும் சின்ன நம்பர் விழுந்துச்சு, அப்புறம் 35 நிமிஷம் அவங்க திட்டம் போடுறதும் நான் "அது நடக்காது"ன்னு ஏதாவது காரணம் சொல்றதுமா போச்சு.

5.10க்கு வேற வழியில்லாம வாசல்லயே சண்டை. ஒம்பது காவலாளி, ஒரு தலைவன், எங்க ஆளு அஞ்சு, மொத்தம் 15 பேரு. 6.35க்குத்தான் முடிஞ்சுது, 85 நிமிஷம். ரப்பர் வெட்டுறவரு சுவத்துல சாஞ்சு தூங்கிட்டாரு, அவரு டர்ன் வந்தப்ப தட்டி எழுப்பினோம். தலைவன் இடுப்புல இருந்த கடுதாசிலதான் மொத்த கதையோட முடிச்சும் இருந்துச்சு. அத பிரிக்கப் போறப்ப குளச்சல் பொண்ணு பைய தோள்ல மாட்டிட்டு நிக்குது. அஞ்சு நிமிஷத்துல, நின்ன வாக்குல, துரோகி யாருன்னு வாசிச்சு சொல்லிட்டு 6.40க்கு முடிச்சேன். மூணு மாசமா மறைச்சு வச்ச பேரு அது. கேட்டுட்டு யாரும் ஒண்ணும் சொல்லல, குடைய எடுத்தாங்க.

படி இறங்கும்போது நர்ஸ் அக்கா கோவமே இல்லாம சொன்னாங்க: "தம்பி, நான் இன்னைக்கு ஏழு தடவைதான் டைஸ் உருட்டுனேன், கேட்டியா."

வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தேன். சரியா ஏழுதான்.

அந்த வாரம் கணக்கு போட்டது

முதல்ல சண்டைய எடுத்தேன், ஏன்னா அதுதான் பெரிய துண்டு. அஞ்சு ரவுண்டு, ரவுண்டுன்னா சண்டையில நிக்கிற எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டர்ன். ரூல்படி ஒரு ரவுண்டுங்கறது கதைக்குள்ள ஆறு செகண்ட், அப்பம் 30 செகண்ட் சண்டைக்கு 85 நிமிஷம் எடுத்திருக்கோம். எதிரி சாக சாக ரவுண்டுக்கு 15, 14, 12, 10, 8ன்னு டர்ன் கொறஞ்சுது, மொத்தம் 59 டர்ன், ஒரு டர்னுக்கு சுமார் 86 செகண்ட். இத பாத்ததும் எனக்கு ஆச்சரியம், ஏன்னா 86 செகண்ட் ஒண்ணும் பெரிய நேரம் இல்ல, யாரும் சோம்பல் காட்டல, நான் மனசுக்குள்ள திட்டிகிட்டிருந்த மாதிரி யாரும் "யோசிச்சு கொல்லல". பிரச்சன டர்னோட நீளம் இல்ல, எண்ணிக்கை. முதல் ரவுண்டுல ஒருத்தரு தன் டர்ன முடிச்சா திரும்ப தன் கைக்கு வர 14 டர்ன் காத்திருக்கணும், அது 20 நிமிஷம். 20 நிமிஷம் சும்மா இருக்கிற மனுஷன் போன எடுக்கத்தான் செய்வான், அதுல அவன் குத்தம் எதுவும் இல்ல.

ரெண்டாவது, தலைவன் மூணாம் ரவுண்டு கடைசியிலயே விழுந்துட்டான். யாரு ஜெயிப்பாங்கங்கறது அங்கயே தெரிஞ்சு போச்சு. மிச்சம் ரெண்டு ரவுண்டு, 18 டர்ன், ஏறக்குறைய 26 நிமிஷம், முடிவு தெரிஞ்ச சண்டைய ஆடித் தீத்திருக்கோம். கடுதாசிக்கு வேண்டிய நேரம் அங்கதான் போயிருக்கு.

மூணாவதா ஒண்ணு செஞ்சேன், இதுதான் கண்ணத் தொறந்துச்சு. நோட்டுல எந்தெந்த எடத்துல ஆடுறவங்க உண்மையிலயே ஒரு முடிவு எடுத்தாங்களோ அங்க மட்டும் சிவப்பு மையில புள்ளி வச்சேன். "இப்படி போனா இது கெடைக்கும், அது போயிரும்"ங்கற மாதிரியான முடிவு. 215 நிமிஷத்துல மூணே மூணு புள்ளி. அதுல ரெண்டு, அவங்க திட்டத்த நான் தட்டிவிட்டதுல முடிஞ்சுது.

அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா பேசுனேன், குரூப்புல கேட்டா எல்லாரும் "சூப்பர் அண்ணா"ன்னு போட்டுட்டு போயிருவாங்க. வங்கி அண்ணன் சொன்னது நான் எதிர்பாக்காதது, அவருக்கு அந்த செஷன் ரொம்ப பிடிச்சிருந்துச்சாம், "இப்பந்தான் ஒரு உருப்படியான சண்டை வந்துச்சு மக்கா, இதுல என்ன கொறை"ன்னாரு. டீச்சருக்கு சந்தை பிடிச்சிருந்துச்சு. ரப்பர் வெட்டுறவரு தூங்குனதுக்கு மன்னிப்பு கேட்டாரு, அத கேக்க எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. காலேஜ் பொண்ணு ஒரே வரியில முடிச்சுது: "கடுதாசிய நான் வாசிக்கணும்னு நெனச்சேன் அண்ணா, நீங்க வாசிச்சிட்டீங்க."

என்ன மாத்துனோம், ஏன்

ஜூலை செஷனுக்கு முன்னாடி இதெல்லாம் முடிவு பண்ணோம், எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான்.

முன்கதைய இனி நான் சொல்றதில்ல, ஆடுறவங்க ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லணும், அஞ்சு நிமிஷம். இதுல வேற ஒரு லாபமும் கெடச்சுது, அவங்களுக்கு எது ஞாபகம் இருக்குன்னு கேட்டாலே எது அவங்களுக்கு முக்கியம்னு தெரிஞ்சிரும், நான் முக்கியம்னு நெனச்ச பாதி விஷயம் யாரு வாயிலயும் வரல.

கடை கண்ணி எல்லாம் வாட்ஸ்அப்ல. வெலப்பட்டியல ஒரு பக்கம் அடிச்சு எல்லார் கையிலயும் குடுத்துட்டேன், செஷனுக்கு முந்தின வாரத்துல பேரம் பேசி முடிச்சிரணும். டீச்சரோட சந்தோஷத்த எடுத்துப் போட மனசு வரல, எடத்தத்தான் மாத்துனேன்.

கதை நகரணும்னா எந்த எடத்துலயும் ஒரே ஒரு டைஸ நம்பி கதவ வைக்கிறதில்லன்னு முடிவெடுத்தேன். உள்ள போக கொறஞ்சது மூணு வழி எனக்குத் தெரிஞ்சிருக்கணும், நாலாவதா அவங்க ஒண்ணு சொன்னா அதையும் ஏத்துக்கணும். டைஸ் தப்புச்சுன்னா கதவு அடைபடாது, தொறக்கும், ஆனா ஒரு வெல உண்டு. மடையோட கம்பி கழண்டு வரும், சத்தமும் கேக்கும்.

சண்டையில காவலாளிய மூணு மூணு பேரா கட்டி ஒரு கூட்டத்துக்கு ஒரு டர்ன். அப்பம் 15 டர்ன் 9 ஆகுது. அவங்க அடிக்கிற அடிக்கு நான் டைஸ் உருட்டுறதில்ல, ரூல்ஸ்லயே காவலாளி ஈட்டிக்கு சராசரி 4னு போட்டிருக்கு, அதையே எடுத்துக்குவேன். ஒருத்தர் ஆடும்போதே "அடுத்து நீங்க, பொறவு டீச்சர்"ன்னு முன்கூட்டி சொல்லிருவேன். தலைவன் விழுந்தா மிச்சம் உள்ளவன் ஓடுவான், இல்லன்னா சரணடைவான். அது மட்டும் இல்லாம சண்டைக்கு கொல்றதுக்கு மேல ஒரு நோக்கம் இருக்கணும், அது நெறவேறினா சண்டை முடிஞ்சுது.

கப்பல் வர்றத ஒரு அட்டையில வட்டம் வரைஞ்சு ஆறு துண்டா பிரிச்சு மேசை நடுவுல வச்சேன். நேரம் போக்குனாலும் டைஸ் தப்புனாலும் ஒரு துண்ட கறுப்பாக்குவேன், ஆறும் நெறஞ்சா கப்பல் நங்கூரம் போட்டிரும். முன்னாடி "கப்பல் வருது, கப்பல் வருது"ன்னு நான் வாயால சொல்லிகிட்டிருந்தப்ப யாருக்கும் ஒறைக்கல, அட்டையில கறுப்ப பாத்ததும் எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க.

ஓய்வு விஷயத்துலயும் ஒரு மாத்தம். இந்த எடிஷனோட கேம் மாஸ்டர் புக்குல, கதையில ஒரு நாளுக்குள்ள ஆறுலருந்து எட்டு மோதல் வரை ஒரு குழு தாங்கும்னு கணக்கு வச்சிருக்கான். நாங்க ஒரு செஷன்ல ஆடுறதே ஒண்ணோ ரெண்டோ. அப்பம் ஒவ்வொரு தடவையும் கேரக்டருங்க ராத்திரி எட்டு மணிநேரம் தூங்கி, செலவழிச்ச மந்திரமெல்லாம் திரும்ப வந்திரும், டீச்சர் எல்லாத்தையும் ஒரே சண்டையில கொட்டிருவாரு, அடுத்தவங்களுக்கு அங்க வேலை இருக்காது. அதே புக்குல மாற்று ரூல் ஒண்ணு உண்டு, சின்ன ஓய்வு (கொஞ்சம் மட்டும் தேறுறது) எட்டு மணிநேரம், பெரிய ஓய்வு (முழுசா தேறுறது) ஏழு நாள். அத எடுத்துகிட்டோம். மாசத்துக்கு ஒரு தடவை ஆடுற குழுவுக்கு இது ரொம்ப பொருத்தம்னு இப்பவும் சொல்வேன்.

கடைசியா நேரம். 4.30க்கு சாயா, பழம்பொரி, 15 நிமிஷம், அதுவும் ஒரு முடிவு எடுக்க வேண்டிய எடத்துல நிறுத்தி. பேச்ச அவங்களே சாயாவோட தொடருவாங்க. 6.15க்கு எது எப்படி இருந்தாலும் முடிப்பு, 5.45க்கே எங்க நிறுத்தலாம்னு நான் பாக்கத் தொடங்கணும்.

ஜூலை செஷன்: சரியானதும், நான் கவனிக்காததும்

2.45க்கு தொடங்கினோம். முதல் வரியே "படகுல இருக்கீங்க, கரையில காவல்காரன் விளக்கு உங்க பக்கம் திரும்புது, என்ன செய்றீங்க". குளச்சல் பொண்ணு யோசிக்கவே இல்ல, துடுப்ப துப்பாக்கி மாதிரி தோள்ல வச்சு வரிசையா நிக்கச் சொல்லுச்சு, 1741 சண்டையில மீனவங்க அப்படித்தான் துடுப்ப தோள்ல வச்சு நின்னு டச்சுக்காரன பயமுறுத்துனாங்கன்னு எங்க பக்கம் சொல்லுற கதை உண்டுல்லா, அது. நான் யோசிச்ச மூணு வழியில அது இல்ல. ஏத்துகிட்டேன், டைஸும் விழுந்துச்சு. ரப்பர் வெட்டுறவரு கைதட்டுனாரு.

சண்டை மூணு ரவுண்டு, 30 நிமிஷம். ஒருத்தர் காத்திருக்கிற நேரம் 20 நிமிஷத்துலருந்து ஒம்பது நிமிஷமா இறங்கிச்சு. 6.15க்கு நிறுத்தினேன், நோட்டுல சிவப்புப் புள்ளி 11. பொண்ணு அவசரமில்லாம பஸ்ஸு ஏறிச்சு. நான் அன்னைக்கு ராத்திரி ரொம்ப சந்தோஷமா இருந்தேன், எல்லாம் சரியாயிருச்சுன்னே நெனச்சேன்.

நோட்டுல ஒரு வரி இருந்துச்சு: "5.20 - 5.24, அக்கா - அண்ணன்." நாலு நிமிஷம்.

நர்ஸ் அக்காவோட கேரக்டருக்கு கடல்ல போயி திரும்பாத ஒரு அண்ணன் உண்டு, அவங்களே கேரக்டர் ஷீட்டுல, அதாவது கேரக்டரோட விவரம் எழுதி வைக்கிற தாள்ல, எழுதுனது. வார்ப்படசாலையில கைதியா வேலை செய்றவங்க கூட்டத்துல அந்த அண்ணன் உயிரோட இருக்கதா நான் வச்சிருந்தேன். அக்கா அவன பாத்ததும் உடனே பேசல. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. பொறவு பைய ஒவ்வொரு வார்த்தையா தொடங்குனாங்க. நான் என்ன செஞ்சேன்னா மணிய பாத்தேன், வட்டத்துல ஒரு துண்ட கறுப்பாக்குனேன், "அந்த நேரம் மேல மதில்ல..."ன்னு வங்கி அண்ணன் பக்கம் திரும்பிட்டேன். அக்கா நிறுத்திட்டாங்க. பொறவு செஷன் முடியறவரை தேவையான அளவுக்கு மட்டும் பேசுனாங்க. நானும் அத கவனிக்கல, ஏன்னா எல்லாம் நல்ல வேகமா ஓடிகிட்டிருந்துச்சு.

ஆகஸ்ட்

அக்கா ஆகஸ்ட்டுக்கு டியூட்டி இருக்கு வரமுடியாதுன்னு மெசேஜ் போட்டாங்க. எனக்கு எங்கயோ இடிச்சுது. அவங்க வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு போயி, பக்கத்து கடையில சாயா குடிச்சுகிட்டே கேட்டேன். முதல்ல ஒண்ணுமில்லன்னாங்க. அப்புறம் சொன்னாங்க: "நீ நல்லா வேகமா நடத்துன, கொள்ளாம். ஆனா அண்ணன்ட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு ரொம்ப நாளா வச்சிருந்தேன் தம்பி. நீ மணிய பாத்த. எனக்கு பொறவு கேக்கத் தோணல."

நம்ம கடற்கரை ஊருகள்ல கடலுக்குப் போயி வராத ஆளுன்னா அது வெறும் கதை இல்ல. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்ப எத்தன வீட்டுல எத்தன நாளு வாசல்லயே உக்காந்திருந்தாங்கன்னு இந்த மாவட்டத்துல எல்லாருக்கும் தெரியும். அக்கா அத ஏன் தன் கேரக்டருக்கு எழுதுனாங்கன்னு நான் கேட்டதே இல்ல. அத கேக்காம அந்த அண்ணன உயிரோட கொண்டு வந்து முன்னாடி நிறுத்துனது ஒரு தப்பு, நிறுத்திட்டு நாலு நிமிஷத்துல அடுத்த எடத்துக்கு ஓடுனது அதவிட பெரிய தப்பு. குளச்சல் பொண்ணும் அன்னைக்கு அந்த எடத்துல அமைதியா இருந்தது எனக்கு அப்பந்தான் ஞாபகம் வந்துச்சு.

ஆகஸ்ட்ல ஆடல. அந்த மாசம் நோட்டையே திரும்பத் திரும்ப பாத்தேன். ஜூன்ல சந்தைக்கு 65 நிமிஷம், ஜூலையில அண்ணனுக்கு நாலு நிமிஷம். ரெண்டுமே ஒரே தப்புதான்னு பட்டுது. ரெண்டு எடத்துலயும் மேசையில இருக்கவங்க மொகத்த நான் பாக்கல. ஜூன்ல என் ஆசைய பாத்தேன், ஜூலையில கடிகாரத்த பாத்தேன். சிவப்புப் புள்ளியும் இங்க என்ன ஏமாத்திருச்சு, ஏன்னா அக்கா அந்த எடத்துல எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்ல, டைஸும் இல்ல, வெலயும் இல்ல, ஆனா அந்த செஷன்லயே ஒரு ஆளு மனசார வேணும்னு நெனச்ச ஒரே எடம் அதுதான். முடிவ மட்டும் எண்ணுனா இது கணக்குலயே வராது.

செப்டம்பர் செஷன்

முதல்ல எல்லார் முன்னாடியும் அக்காகிட்ட மன்னிப்பு கேட்டேன். அதுக்கு முன்னாடியே தனியா போன்ல ரெண்டு விஷயம் கேட்டிருந்தேன், இந்த அண்ணன் கதைய தொடரணுமா வேண்டாமா, தொடர்ந்தா நான் எதத் தொடக்கூடாது. தொடரணும்னாங்க, அவன் செத்துட்டான்னு மட்டும் ஒருநாளும் சொல்லாதன்னாங்க. குளச்சல் பொண்ணுகிட்டயும் கேட்டேன், "அக்கா பேசட்டும் அண்ணா, நான் கேட்டுகிட்டு இருப்பேன்"னுச்சு.

வாட்ச கழட்டி பையில போட்டேன். வட்டம் வரைஞ்ச அட்டைய எல்லாரும் பாக்க கவுத்து வச்சேன், அது கவுந்து இருக்கறவரை கப்பல் நகராதுன்னு சொன்னேன். வார்ப்படசாலையிலருந்தே தொடங்கினோம். அக்கா கேட்ட கேள்விய இங்க எழுதல, அது அவங்களோடது. 35 நிமிஷம் போச்சுன்னு பொறவு சுவர்க்கடிகாரத்த பாத்துத்தான் தெரிஞ்சுது, ஒரு டைஸ் உருளல, நடுவுல நீளமா பேச்சில்லாத நேரமும் இருந்துச்சு, யாரும் போன எடுக்கல. வாய் ஓயாத டீச்சரு கூட ஒரு வார்த்த பேசல. ரப்பர் வெட்டுறவரு கடைசியில பைய, "அண்ணன கூட்டிட்டுப் போயிரலாம், வெடிமருந்து பொறவு பாக்கலாம்"ன்னாரு. அங்கதான் அந்த செஷனோட பெரிய முடிவே வந்துச்சு, அண்ணனையா துரோகியையான்னு. அண்ணன தேர்ந்தெடுத்தாங்க. அட்டைய நிமித்துனேன், ரெண்டு துண்டு கறுப்பாச்சு, அதுக்கப்புறம் செஷன் தானா ஓடுச்சு, நான் தள்ளவே இல்ல.

என்ன ஆச்சு, எது இன்னும் சரியாகல

அக்டோபர்ல கதைய முடிச்சோம், கப்பல் நங்கூரம் போட ஒரு துண்டு பாக்கி இருக்கும்போது. துரோகி கடல்வழியா தப்பிச்சுட்டான். நர்ஸ் அக்கா தொடர்ந்து வர்றாங்க. 6.15 முடிப்பு ஒரு தடவகூட தவறல, இதுல நான் ரொம்ப கறாரா இருக்கேன், ஏன்னா மத்தவங்க வீட்டுல குடுத்த நம்பிக்கை அதுல இருக்கு.

வங்கி அண்ணனுக்கு மட்டும் மனக்கொறை தீரல. கூட்டமா கட்டுன காவலாளி அவருக்குப் பிடிக்கல, "ஒருத்தன் ஒருத்தனா நின்னாத்தான் எடம் பாத்து அடிக்க முடியும், இது கஞ்சிய கலக்குன மாதிரி இருக்கு"ன்னாரு. அவரு சொல்றது ஞாயம்தான். மூணு செஷனுக்கு ஒரு தடவ கட்டம் போட்ட மேப்ல முழு சண்டை வைக்கலாம்னு பேசியிருக்கோம், 55 நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது, ஆறு எதிரிக்கு மேல வேண்டாம்னு. அவரு பாதி மனசோட சரின்னாரு. வாட்ஸ்அப் சந்தையும் வேற தொல்லை ஆயிருச்சு, டீச்சர் வேலை நாள்ல ராத்திரி பத்து மணிக்கெல்லாம் கயிறுக்கு வெல கேப்பாரு, பொண்ணு குரூப்ப மியூட் பண்ணிட்டு செஷன் தேதியையே தவறவிட்டுச்சு. இப்பம் சந்தைக்கு தனி குரூப்பு, தேதிக்கு தனி குரூப்பு.

திரும்ப முதல்லருந்து செய்யணும்னா

கேரக்டர் ஷீட்டு கைக்கு வந்த அன்னைக்கே ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்காந்து, இதுல எது உனக்கு கனமானது, எத நான் தொடலாம்னு கேட்டிருப்பேன். பத்து நிமிஷ வேலை. அத செய்யாததுக்கு ரெண்டு மாசம் போச்சு.

ஜூன் முடிஞ்சதும் ஒரே மூச்சுல ஏழெட்டு மாத்தம் செஞ்சதும் தப்புன்னு நெனக்கிறேன். எது வேலை செஞ்சுது எது கெடுத்துச்சுன்னு பிரிச்சுப் பாக்க முடியல. முதல் மாசம் முடிக்கிற நேரத்தையும் சண்டை டர்ன் எண்ணிக்கையையும் மட்டும் மாத்தியிருந்தா போதும், வட்ட அட்டைய ஒரு மாசம் பிந்தி கொண்டு வந்திருக்கலாம். கையில கடிகாரம், மேசையில இன்னொரு கடிகாரம்னு ஆனதுலதான் நான் அக்காவ பாக்காம விட்டேன்.

நோட்டுல இப்பம் ஒரு பத்தி கூடியிருக்கு. மணி, நடந்தது, சிவப்புப் புள்ளி, அதுக்கு அடுத்தது "யாரு இன்னும் பேசல". அக்டோபர் பக்கத்துல 5.05க்கு அங்க ரப்பர் வெட்டுறவரு பேரு இருக்கு. அவரு பக்கம் திரும்பி, உங்க ஆளு இப்பம் எங்க நிக்கான்னு கேட்டேன். கேக்கமாட்டீங்களான்னு பாத்துகிட்டுத்தான் இருந்தேன்னு சொல்லிட்டு, அவரு ஆளு சாயங்காலத்துலருந்தே துரோகியோட படகுல பாயடியில ஒளிஞ்சு இருக்கான்னாரு.